நாலடி உயரத்தில் இருபத்தேழு பாகை

காளான் வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்ன நாளில் என் கணவர் அழகமுத்து சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அது மழை பெஞ்சா தானா முளைக்கும். அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?" என்று மட்டும் கேட்டார். கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மனிதருக்கு ஆணி, பெயின்ட், பிவிசி குழாய் ஆகியவைதான் உழைப்பால் உண்டாகிறவை. மற்றதெல்லாம் தானாக வருபவை, அவர் முன்னால் இருந்த சோறு உட்பட.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கடையில் விற்காமல் தேங்கிய சாமானெல்லாம் அங்கேதான் கிடந்தது. நான் கன்னொறுவை விவசாயப் பயிற்சி நிலையத்துக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்து, சிப்பிக்காளான் பற்றி ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்து, அந்தக் கொட்டகையைக் கேட்டேன். மூன்று வாரம் கெஞ்சினேன், பிறகு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததுதான் வேலை செய்தது. சாமான்களை ஒதுக்கிக் கொடுத்தார். விதை போட்ட மரத்தூள் பைகள் நூற்றிருபது வாங்கி, கயிற்றில் கோத்துக் கொட்டகை முழுக்கத் தொங்கவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்கு வாய் அடங்காது. எங்கள் முருகன் கோயிலில் பங்குனி உத்திர அன்னதானத்துக்குக் கூட்டம் போட்டார்கள். வருசா வருசம் சோயா மீட் கறிதான். அந்தக் கறியைப் பார்த்தாலே பந்தியில் பாதிப் பேர் மோர் கேட்கிறார்கள். "இந்த முறை காளான் கறி வைங்க, இருபது கிலோ நான் தாறேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் இருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில் வைத்தே கணக்கை முடித்துவிட்டார்.

"இருபது கிலோ வந்தா கொட்டகை உனக்கு. வரலைன்னா, சித்திரை வருசப் பிறப்புக்கு வாற பெயின்ட் லொறி நேரா அங்கதான் இறங்கும். அப்புறம் பூசணம், காளான்னு என் கொட்டகை பக்கமே வரக்கூடாது."

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? பத்தொன்பது வருசக் குடித்தனத்தில் நான் எனக்கென்று கேட்ட முதல் இடம் அது. அடுப்படியில் மாமியாரின் சட்டம் இன்னும் நடக்கிறது, அவர் இறந்து ஆறு வருசமாகியும். ஹோல் என் கணவர் டிவியில் பார்க்கும் கிரிக்கெட்டுக்கு. அந்தக் கொட்டகைக்குள் நின்று பைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதுதான் யாரும் என்னைக் கூப்பிட்டுத் தேட மாட்டார்கள் என்ற நிம்மதி இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

பங்குனி பிறந்ததும் வெயில் வந்தது. கண்டி குளிர் ஊர் என்று சொல்கிறவர்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள், மத்தியானம் எங்கள் தகரத்துக்குக் கீழே நிறுத்திவைக்க வேண்டும். பத்து மணிக்குக் கூரை படபடவென்று வெடிக்கத் தொடங்கும். சூடு இருபத்தெட்டுப் பாகைக்கு மேலே போனால் மொட்டு கருகிவிடும் என்று என் கொப்பியில் எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தேன். ஒரு சாக்கை நனைத்து நான் கதவில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு மயில்வாகனம் ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தொரு வருசம் அரசாங்கத்துக்கு வானிலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி, மகளின் பேறுகாலத்துக்காகக் கனடாவுக்குப் போயிருந்தார். பார்க்க ஒரு வானமும் இல்லாமல், பேச ஒரு ஆளும் இல்லாமல் மனிதர் தவித்துப் போயிருந்தார்.

"பிள்ளை, உந்தக் கொட்டிலுக்குள்ள எவ்வளவு?"

"எது ஐயா?"

"வெப்பநிலை."

"வேகுது ஐயா."

"வேகுது எண்டு ஒரு இலக்கம் இல்லை" என்றார். ஐந்து நிமிடத்தில் வெப்பமானியோடும் அளவு நாடாவோடும் எங்கள் வளவுக்குள் நின்றார்.

நிலத்திலிருந்து சரியாக நாலடி அளந்தார். கொட்டகை நடுவில் ஒரு கம்பை நட்டு, அந்த நாலடியில் வெப்பமானியைக் கட்டினார். "நேர் வெயில் படக்கூடாது, சுவரில முட்டக்கூடாது, கூரைக்குக் கிட்டவும் போகக்கூடாது. உலகம் முழுக்க இப்பிடித்தான் பாக்கிறது" என்றார். காலை எட்டரை, பதினொன்றரை, பின்னேரம் இரண்டரை, ஐந்தரை. இந்த நேரங்களில்தான் பார்க்க வேண்டுமாம். நடுவில் நான் எட்டிப் பார்த்தால் கூட அது அவதானிப்பில் சேராதாம். முதல் நாள் இரண்டரைக்கு முப்பத்துநாலு என்று எழுதினார். நான் என் கொப்பியில் போட்டிருந்த இரண்டு கோட்டையும் இன்னொரு தடவை பார்த்தேன். அவருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதல்லவா.

அதற்குப் பிறகு கொட்டகை எங்கள் இருவருக்கும் ஒரு பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நிலத்தில் மணல் பரப்பி மூன்று வேளை நனைத்தோம். சுவரைச் சுற்றி ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். மேற்குப் பக்கத்துக்குத் தென்னோலை வேண்டும் என்றார், கிடுகு பின்னத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். தெரியவில்லை. ஒரு முழு நாள் போராடி, கோபித்து, ஓலையை அப்படியே சாத்திக் கட்டினோம். அது ஒன்றரைப் பாகை குறைத்தது.

கூரைக்கு வெள்ளை அடித்தால் வெயில் திரும்பிப் போய்விடும் என்றார். கடையில் மலை மாதிரி பெயின்ட் வைத்திருக்கும் என் கணவர், பெண்சாதிக்கு ஒரு டின் தர மூன்று நாள் யோசித்தார். கடைசியில் வெள்ளையில் முக்கால் டின்னும், கட்டுகஸ்தோட்டையில் யாரோ பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்த ரோஸ் நிறத்தில் ஒரு டின்னும் வந்தன. கூரையின் முக்கால் பங்கு வெள்ளை, மீதி ரோஸ். காய்வதற்குள் குரங்குக் கூட்டம் அதன் மேலே நடந்து போய், மேல் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி முழுக்கக் கைகால் அடையாளம் வைத்துவிட்டது. மேல் வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமே இல்லை, ஏனென்றால் அன்று இரண்டரைக்கு இருபத்தொன்பது.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அதுதான் என் பிழை. சித்திரை வருசத்துக்கு ஊரே வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும். கடையில் வைக்க இடம் இல்லை என்று, "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று என் கணவர் பத்து டின் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் பத்தையும் எடுக்க வரும்போது இன்னும் இருபதோடு வந்தார், எடுக்காமல் போனார். கொட்டகை குளிரக் குளிர டின் கூடியது. "இங்க நல்லாக் குளுகுளுன்னு இருக்கு யசோ. கடையில சூட்டுக்கு மூடியெல்லாம் ஊதிப்போகுது" என்று டின்களைத் தடவிக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் கயிறுகளைச் சுருக்கி, பைகளை ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டினேன். கீழே டின் அடுக்கு, மேலே காளான் பை. நான் ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயரால் கீழே நின்றே தண்ணீர் அடித்துவிட்டுப் போவேன்.

ஒரு வியாழக்கிழமை இரண்டரைக்கு வெப்பமானி இருபத்தேழு காட்டியது. மயில்வாகனம் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு கிறீம் கிரேக்கர் பிஸ்கட் பெட்டியோடு வந்தார். இரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்று தேநீர் குடித்தோம். வெளியே முப்பத்துமூன்று, உள்ளே இருபத்தேழு. தன்னுடைய உத்தியோக காலத்தில் வானிலையை எழுதத்தான் முடிந்தது, மாற்ற முடிந்தது இதுதான் முதல் தடவை என்றார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை.

ஆனால் மொட்டுகள் வரவில்லை. வந்தவை கடுகு அளவில் வந்து, பழுப்பாகி, சுருண்டு போயின. தண்ணீர் கூடிவிட்டதோ என்று குறைத்தேன். குறைந்துவிட்டதோ என்று கூட்டினேன். "வெப்பநிலையில பிழை இல்லை பிள்ளை, உம்மட தண்ணியிலதான் ஏதோ பிழை" என்று ஐயா கொப்பியைக் காட்டினார். மூன்று நாளும் இரண்டரைக்கு இருபத்தேழு, இருபத்தேழு தசம் இரண்டு, இருபத்தேழு. என் கணவர் கொட்டகை அகலத்தை அடியால் நடந்து அளந்துவிட்டுப் போனார்.

உத்திரத்துக்கு ஏழு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முழுக்கச் செத்துப்போன ஒரு பையை அறுத்து எடுக்கலாம் என்று ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு ஏறினேன். தலை பைகளுக்கு நடுவில் போனதும், கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. ஒரு நிமிடத்தில் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. குனிந்தால் குளிர், நிமிர்ந்தால் நெருப்பு. இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்தேன்.

வேலிப் பக்கம் போய் ஐயாவைக் கூப்பிட்டேன். "ரெண்டரைக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரெண்டரைக்கு இல்லீங்க ஐயா, இப்ப பாக்கணும். அந்த வெப்பமானியை அவுத்துத் தாங்க, மேல கட்டுவோம்."

"அதை அசைக்கக்கூடாது. நாலடி எண்டால் நாலடிதான்."

"ஐயா, நாலடியில என்ன இருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

அவர் பார்த்தார். வெப்பமானியைச் சுற்றிலும், இடுப்பளவுக்கும் மேலே, பெயின்ட் டின்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. காளான் பை ஒன்று கூட அந்த உயரத்தில் இல்லை. அவர் கட்டை அவிழ்த்தார். நான் கதிரையைப் பிடித்துக்கொள்ள, எழுபது வயது மனிதர் தானே ஏறி, வெப்பமானியைப் பைகளுக்கு நடுவில் பிடித்தபடி ஐந்து நிமிடம் முழுக்க நின்றார். அப்போதும் குறுக்கு வழி எடுக்கவில்லை.

"முப்பத்தாறு தசம் ரெண்டு" என்றார்.

இறங்கி ஒரு டின் மேலே உட்கார்ந்தார். "முப்பத்தொரு வருசம் நாலடியிலதான் பாத்தனான் பிள்ளை. அதுக்கு மேல ஆரும் இருக்கினம் எண்டு நான் யோசிக்கேல்லை" என்றார்.

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் சிரிப்பும் வந்தது, சிரிக்காமல் அடக்கிக்கொண்டேன். தேநீர் தாறேன் என்றேன், வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். ஐந்தரை அவதானிப்புக்கு அவர் வரவில்லை. அந்தக் கொப்பியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் என் கோபம் வேறு பக்கம் இருந்தது. சாக்கு நனைத்தது யார், மணல் சுமந்தது யார், ஓலை கட்டி விரலைக் கிழித்துக்கொண்டது யார்? இவ்வளவும் செய்து நான் இத்தனை நாளும் குளிரவைத்தது என் புருசனுடைய பெயின்ட்டை. காளானை நானே தூக்கி அடுப்பில் வைத்திருக்கிறேன். உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து படுத்திருந்தவரை எழுப்பினேன்.

"என்னங்க, கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."

"என்ன, பாம்பா?"

"வாங்க, சொல்றேன்."

கதிரையைக் காட்டி ஏறச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். ஏறினால் தெரியும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார். அவருக்கு முன் தலையில் முடி இல்லை, கூரைத் தகரத்துக்கு அரை அடி கீழே அது போய் நின்றது. ஒரு நிமிடத்தில் இறங்கப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் நில்லுங்க. ஐயா அஞ்சு நிமிசம் நின்னாரு."

"தல வேகுது யசோ."

"என் காளான் பதினஞ்சு நாளா அங்கதான் நிக்குது" என்றேன். "கீழ கையை வச்சுப் பாருங்க. உங்க டின்னு எவ்வளவு சுகமா இருக்குன்னு பாருங்க."

அவர் குனிந்து ஒரு டின்னைத் தொட்டார். மறுபடி நிமிர்ந்தார். ஐந்து நிமிடமும் நின்றாரா தெரியாது, நான் மணி பார்க்கவில்லை. இறங்கி வந்து சாரத்தின் தலைப்பால் தலையைத் துடைத்தார். அப்புறம் கைக்கு இரண்டாக நாலு டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நானும் தூக்கினேன். இருட்டுவதற்குள் எழுபத்தெட்டு டின்னையும் முன் விறாந்தையில் அடுக்கிவிட்டோம்.

"உத்திரம் வரைக்கும்தான்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "பேச்சு பேச்சுதான். இருபது கிலோ."

மறுநாள் காலை சரியாக எட்டரைக்கு மயில்வாகனம் ஐயா வந்தார். கையில் இரண்டாவது வெப்பமானியும் ஒரு சின்னக் கப்பியும் கயிறும். கொடி ஏற்றுகிற மாதிரி வெப்பமானியைக் கூரை வரைக்கும் ஏற்றி இறக்கலாம். கூரைக்குக் கீழே தங்குகிற சூடு வெளியேற, இரண்டு பக்க முகப்பிலும் தகரத்தை வெட்டி வலை அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். கொப்பியில் புதிதாக ஒரு கோடு இழுத்து, 'மேல்' என்று ஒரு வரிசை சேர்த்திருந்தார்.

"நான் ராத்திரி முழுக்க யோசிச்சனான்" என்றார். "இருபத்தேழு பிழையில்லை. ஆனா அது பெயின்ற்றின்ர இருபத்தேழு."

இந்தத் தடவை நான் சிரிப்பை அடக்கவில்லை. அவரும் சிரித்தார்.

அன்றைக்கே முகப்புத் தகரத்தை வெட்டி வலை அடித்தோம். பைகளையெல்லாம் மணலுக்கு ஒரு சாண் மேலே வரை இறக்கிக் கட்டினேன். செத்த மொட்டுகளைச் சுரண்டிவிட்டு, பைகளின் கழுத்தை நனைத்துவிட்டேன். செவ்வாய் ஒன்றும் இல்லை. புதன் காலை ஒரு பையின் வாயில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வியாழன் அது விரல் நுனி அளவு, வெள்ளி ஒரு குழந்தையின் காது அளவு. சனிக்கிழமை காலை கொட்டகைக் கதவைத் திறந்தபோது நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொத்துக் கொத்தாக, வெள்ளைவெளேரென்று, பை பையாகத் தள்ளிக்கொண்டு நின்றது. சத்தியமாக நான் அதுவரை அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

எல்லாப் பையும் பிழைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உத்திரத்தன்று விடியக் கோயில் மடப்பள்ளியில் காளானை நிறுத்தார்கள். என் கணவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். பதின்மூன்று கிலோ.

சமையல்காரர் கறுப்பையா அண்ணன் கூடைகளைப் பார்த்துவிட்டு, "போதும்மா, ரெண்டு பலாக்காயை வெட்டிப் போட்டு நீட்டிருவோம்" என்றார். நீட்டினார். பந்தியில் ஒருவரும் மோர் கேட்கவில்லை. மூன்றாவது பந்திக்குக் கறி இல்லாமல் போய்ச் சட்டியை வழித்தார்கள். எதிர் வரிசையில் இருந்த என் கணவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பலாக்காயை முதலில் சாப்பிட்டு, காளானைப் பொறுக்கி இலை ஓரத்தில் சேர்த்து, கடைசியில் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். ஆனாலும் இருபது என்று சொன்னவள் நான். பதின்மூன்று பதின்மூன்றுதான். அவர் வியாபாரி, நிறுவையில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

லொறி மறுநாள் பத்து மணிக்கு வந்தது. நான் கொட்டகைக்குள் நின்று பைகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே போய்க் கெஞ்சக்கூடாது என்று மட்டும் முடிவெடுத்திருந்தேன். பைகளை எங்கே கொண்டுபோய்த் தொங்கவிடுவது என்று யோசித்தால் ஓர் இடமும் நினைவுக்கு வரவில்லை. லொறியின் பின்கதவு விழுகிற சத்தம் கேட்டது. சாரதி போன வருசமும் வந்தவன்தான். "வழக்கம் போல பின்னாலதானே முதலாளி?" என்று கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வரும் அவனுடைய செருப்புச் சத்தமும் கேட்டது.

"அங்க இல்லப்பா" என்றார் என் கணவர். "அது என் சம்சாரத்தோட கொட்டகை."

"அப்ப எங்க இறக்க?"

"ஹோல்ல இறக்கு. டிவியை நான் தூக்குறேன்."

ஸ்பிரேயரைக் கீழே வைத்தேன். அழுகை வந்தது. மரத்தூள் பைகளுக்கு முன்னால் நின்று அழுவதைப் பார்க்க யாரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

மத்தியானம் வரைக்கும் டின் இறக்கினார்கள். ஹோலில் கதிரைகளுக்கு இடமில்லாமல் போய்விட்டது, ஜன்னலையும் டின்கள் மறைத்துவிட்டன. இரண்டரைக்கு ஐயா வந்து, கீழே இருபத்தேழு, மேலே இருபத்தொன்பது என்று எழுதிவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. என் கணவர் ஒரு கையில் கதிரையும் மறுகையில் பத்திரிகையுமாக நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு காலை உள்ளே வைக்கப் போனவர் அதை எடுத்துக்கொண்டார்.

"யசோ, உள்ள வரலாமா? வீட்டுல ரொம்ப வேகுது."

"வாங்க" என்றேன். "கதவைச் சாத்திட்டு வாங்க, சூடு வருது."